கிழட்டு ஹெலிகாப்டரின் மினுமினுப்பு

“சாயங்காலத்துக்குள்ள நான் குற்றவாளி இல்லைன்னு காட்டணும் சார். இல்லேன்னா வேலை போச்சு” என்றாள் ரேடார் பழுதுபார்க்கும் பெண், நாற்காலியில் உட்காராமலே.

கடற்படையிடம் இரண்டு பழைய ஹெலிகாப்டர்கள் இருந்தன. இரண்டுமே கிழடு. எந்தக் கிழட்டின் கருவிகள் தேவலாம் என்று பார்க்க ஒரு போட்டி. கடலில் ஒரே படகு. இரண்டும் பறந்து போய் அதைத் தேடின. ஒன்று கண்டுபிடித்துவிட்டது. அவள் பராமரிக்கும் ஹெலிகாப்டரின் ரேடாருக்கு மட்டும் எதுவுமே தெரியவில்லை.

“வேணும்னே கெடுத்துட்டேன்னு எங்க தளத் தலைவர் சொல்றார்.”

“உளவாளி வேலைதான், அத்தான்!” என்று துள்ளினான் மைத்துனன். புதிர்களை அவிழ்ப்பதில் பேர்போன, ஊரார் ‘நிதானம்’ என்று அழைக்கும் அவன் அக்காள் கணவர் செருப்பை மாட்டினார்.

ஹெலிகாப்டர் கொட்டகை வாசலில் தலைவரின் பெயர்ப்பலகை கண்ணைக் கூசவைத்தது. பட்டங்களை எழுதியதில் பெயருக்கு இடம் போதவில்லை. உள்ளே ஹெலிகாப்டரின் மூக்கும் அதே மாதிரி பளபளத்தது. மைத்துனன் அங்கே நின்று மீசையைச் சரிசெய்துகொண்டான்.

“ரேடாரைக் கழற்றிப் பார்த்தியாம்மா?” என்றார் நிதானம்.

“பார்த்தேன். பட்டறை வாசல்ல வெச்சு ஓட்டினா கடல்ல இருக்கிற படகெல்லாம் தெரியுது. திரும்ப மூக்குக்குள்ள மாட்டினா குருடு. வயரெல்லாம்கூட மாத்திட்டேன்.”

“கேமரா?”

“அது நல்லாத் தெரியுது. அது வெளியில தொங்குது.”

நிதானம் ஹெலிகாப்டரின் மூக்கை நகத்தால் சுரண்டினார். விரலில் வெள்ளித் தூள்.

“இந்தப் பெயின்ட் யார் அடிச்சது?”

“பெயின்ட் பிரிவு. முறையான பெயின்ட்னு நினைச்சேன்.”

தலைவர் தொப்பியோடு வந்தார். “போட்டியைப் பார்க்க விருந்தினர்கள் வர்றாங்கன்னு நான்தான் அடிக்கச் சொன்னேன். என் பலகைக்கு வாங்கினதில மிச்சம். எப்படி ஜொலிக்குது பார்த்தீங்களா?”

“இன்னொரு ஹெலிகாப்டருக்கு?”

“பத்தலை.”

“நல்லவேளை” என்றார் நிதானம். “கழற்றினா தெரியுது, அதனால கருவி பழுதில்லை. வயரை மாத்தியும் தெரியலை, அதனால வயரும் இல்லை. வெளியில தொங்குற கேமராவுக்கும் குறையில்லை. மிச்சம் ரேடாருக்கு முன்னால இருக்கிற இந்த மூக்கு மூடிதான். உங்க பெயின்ட்ல உலோகத் தூள் இருக்கு. ரேடார் அலை அதைத் தாண்டாது. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு முகத்துல தகரத்தைக் கட்டின மாதிரி.”

“அப்ப உளவாளி?” என்றான் மைத்துனன் பரிதாபமாக.

“அதோ, தொப்பி போட்டு நிக்கிறார், மாப்ளே.”

அவள் அப்போதே மூக்கிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கிவிட்டாள். வெறும் மூடி வெளிப்பட்டதும் ஹெலிகாப்டரை வெளியே இழுத்து, கடலைப் பார்க்க நிறுத்தி, ரேடாரை இயக்கினாள். திரையில் படகுகள் புள்ளி புள்ளியாக முளைத்தன.

தலைவர் தொண்டையைச் செருமினார். “நீ நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாம்மா. கிழட்டு ஹெலிகாப்டருக்குப் பார்வை வந்ததை ஒரு விழாவா எடுத்துடலாம்.”

“ஐயோ, விழா வேண்டாம் சார்” என்றாள் அவள். “விழான்னா திரும்பப் பெயின்ட் அடிப்பீங்க.”