சாப்பிட்ட பிறகு ஒன்று

"உங்களத்தான் கேக்கறேன்... டாக்டர் சீட்டு இருக்கா, இல்லியா?"

தொம்மலூர் மெடிக்கல் ஷாப்பில் அவன் மூன்றாவது தடவையாகக் கேட்டான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆஞ்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்போனில் படபடவென்று தட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

'டான்சில் ஆபரேஷன். பேச முடியாது. சீட்டு உங்க கையிலதான் இருக்கு!'

அவன் கையைப் பார்த்தான். இருந்தது. காது மடல்வரை சிவந்துபோனான்... வெள்ளைக் கோட்டில் 'நீல்' என்று பெயர் குத்தியிருந்தது. பரவாயில்லை, கண்கள் கொஞ்சம் நல்ல கண்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வலியும் வீக்கமும் குறைய மூன்று நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தார் டாக்டர். பழுப்புக் கவரில் போட்டு, மேலே முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான் நீல். 'காலை 1. சாப்பிட்ட பிறகு.'

சாப்பிடுவதா? எச்சிலை விழுங்கவே உயிர் போய் வந்தது. சாப்பிடாமல் மாத்திரையை எப்படிப் போடுவது? போடவில்லை. ஸ்டீராய்டு என்றதுமே அவள் அம்மா கேத்தரினும் பயந்துவிட்டாள். "முகம் ஊதிப்போயிடும்டி. ஞாயித்துக்கிழமை அத்திபெலேக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க." மாப்பிள்ளை திங்களன்று துபாய்க்குத் திரும்புகிறானாம், தேதியை மாற்ற முடியாதாம். அவனை ஆஞ்சலாவுக்குப் பிடிக்கவில்லை. போனில் பேசிய ஒரே முறையில், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூல் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டவன். வேண்டாம் என்று எழுதிக் காட்டினால், "மொதல்ல ஒடம்பு தேறட்டும்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள் அம்மா. ஞாயிறன்றும் இப்படியே ஊமையாக உட்கார்ந்திருந்தால்... கதை முடிந்தது.

இரண்டு நாள் கழித்து வலி தாங்காமல் மறுபடி கடைக்குப் போனாள். மாத்திரையைத் தொடவே இல்லை என்று தெரிந்ததும் நீலுக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் சும்மாவா எழுதிக் கொடுத்தார் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். வாயிருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பாள்! கவரை அவன் முன்னால் வீசிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அழக்கூட முடியவில்லை. அழுதாலும் தொண்டை வலித்தது.

தொப்பலாக நனைந்தபடி ஓடி வந்தான் நீல், கவரை மட்டும் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு.

"தப்பு என்னுதுங்க. சாப்பிட்ட பிறகுன்னு எழுதிட்டேன்... சாப்பிட முடியாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிக்கல. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், இன்னைக்கே ஆரம்பிக்கலாமாம். ஆறின ராகிக் கஞ்சி ஒரு டம்ளர் குடிங்க. அதுவும் சாப்பாடுதான்."

அவள் தயங்கித் தயங்கித் தட்டினாள். 'முகம் ஊதுமா? ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க.'

படித்ததும் அவன் முகம் வாடியது... அது அவளுக்கும் தெரிந்தது.

"மூணு நாளைக்கெல்லாம் ஊதாதுங்க. அழகாத்தான் இருப்பீங்க." சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். 'எனக்கு அவனப் பிடிக்கல' என்று பாதி தட்டிய வரி அவள் கையிலேயே நின்றுபோனது.

அம்மா முணுமுணுத்தாள். ஆஞ்சலா கேட்கவில்லை. கஞ்சி, பிறகு மாத்திரை. மூன்றாம் நாள் குழைந்த தயிர்சாதம் நாலு வாய் இறங்கியது. சனிக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மெல்லப் பேசிப் பார்த்தாள். முதலில் வந்த சொல் அவன் பெயர். அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

ஞாயிறன்று மாப்பிள்ளையின் அத்தை, பெண்ணுக்குச் சம்மதம்தானே என்று கேட்டாள். சம்மதம்தான், தொண்டைதான் சரியில்லை என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல..." கரகரத்த குரலில் வந்தது. "எனக்கு வேண்டாம். மன்னிச்சிடுங்க."

வீட்டில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. இரவு அம்மா ஒரு டம்ளர் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஆஞ்சலாவுக்கு அது போதும்.

திங்கள் மாலை, அதே மழை, அதே கடை. அவளைப் பார்த்ததும் நீல் தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தான். அவள் திருப்பி நகர்த்தினாள்.

"நேத்து ஒருத்தர வேண்டாம்னு சொன்னேன்," என்றாள் ஆஞ்சலா. "இன்னைக்கு ஒருத்தர வேணும்னு சொல்ல வந்திருக்கேன்..."

நாள் முழுக்க வாய் ஓயாத நீலுக்கு இப்போது பேச்சு வரவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன. ஒரு பழுப்புக் கவரை எடுத்து, எழுதி அவளிடம் நீட்டினான்.

'உங்க குரல். காலை 1, மதியம் 1, இரவு 1. சாப்பிடும் முன்பும், சாப்பிட்ட பிறகும். ஆயுசு முழுக்க.'