பன்னிரண்டாவது தலை

உம்மா இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒன்றை மேசையில் வைத்தார். மற்றதைக் கட்டிலோரத்தில் வைத்தார். அறையில் இருந்தவள், மேசை முன் கதிரையில் அமர்ந்திருந்த பஸ்மினா ஒருத்திதான்.

"அது யாருக்கும்மா?"

"படுத்திரிக்கிறவக்கு." உம்மா சிரித்தார். "நீ வந்து ரெண்டு கிழமையாகிட்டு, ஒரு சிரிப்பக் காணல்ல. அவ எண்டா கதைச்சாச் சிரிக்கிறா."

பஸ்மினாவுக்குத் திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. அசர் தொழுகைக்கு முந்திய பிற்பகல் வெயிலும், கடற்காற்றில் வந்த கருவாட்டு மணமும், பக்கத்து வீட்டுத் தறியின் ஓயாத சத்தமும் அவளைத் தொடாமலே கடந்து போய்க்கொண்டிருந்தன. இரண்டு மாதமாக இப்படித்தான். விமான நிலையத்தில் உம்மா கட்டிக்கொண்டு அழுததும் வேறு யாருக்கோ நடந்தது போலிருந்தது.

கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நான்கு வருடம் உழைத்து அவள் ஒரு மருந்து செய்திருந்தாள். நரம்பில் ஏற்றினால் அது மூளையில் உணர்ச்சி ஊறும் இடங்களில் ஒட்டி, மெல்லிய கதிர்வீச்சால் அவற்றைப் படத்தில் ஒளிரச் செய்யும். பன்னிரண்டு பேரின் படங்கள் தேவை. இரண்டு மாதத்துக்கு முன், கடைசி ஆள் வரவில்லை. கலந்த மருந்தின் வீரியம் இரண்டு மணிநேரத்துக்குள் பாதியாகிவிடும். அந்த அவசரத்தில், பேராசிரியருக்குச் சொல்லாமல், பஸ்மினாவே மருந்தை ஏற்றிக்கொண்டு படமெடுக்கும் கருவிக்குள் படுத்தாள்.

இன்று மாலைக்குள் பன்னிரண்டையும் அனுப்பாவிட்டால் பட்டமில்லை.

மூளைக்கு வெளியே உள்ளதையெல்லாம் மென்பொருள் வெட்டிவிடும் என்பதால் வெட்டாத படத்தை யாரும் பார்ப்பதில்லை. அவள் மேசையிலிருந்த மடிகணினியில் தன்னுடையதை வெட்டும் முன் திறந்தாள். முதல் நிமிடங்களில் தலை ஒளிர்ந்தது. பிறகு அந்த ஒளி காதுவழியாக வடிந்து, வெறும் காற்று இருக்கவேண்டிய இடத்தில் திரளத் தொடங்கியது. தொண்ணூறாவது நிமிடத்தில் அங்கே இன்னொரு தலை. ஒரே தலையணையில். வாய் அவள் காதருகே.

அவளுடைய தலை கறுத்துக் கிடந்தது.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

வெட்டிவிட்டால் அது போய்விடும். கறுப்பானாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான். வெட்டும் கட்டளையை அழுத்தினாள்.

தறி நின்றது. பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது.

திரையில் ஒரு தலை மிஞ்சியிருந்தது. ஒளிர்ந்த தலை. மற்றதை மென்பொருள் வெட்டியெறிந்திருந்தது.

"பாங்கு சொல்லிட்டு, எழும்பு புள்ள." உம்மா வாசலில் நின்றார். கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

"உம்மா."

உம்மா திரும்பவில்லை. மேசைக்கு வந்து, தொடாமல் ஆறிக்கிடந்த கோப்பையை எடுத்தார்.

"இத யாருக்கு வெச்சன்?"

யன்னலால் வெளியே ஊற்றினார். கட்டிலில் போய் அமர்ந்தார். தலையணையில் பரந்து கிடந்த கூந்தலை விரல்களால் கோதினார்.

"இப்பதான் என்ட மகள்ற முகத்தில வெளிச்சம் வந்திரிக்கி."

பஸ்மினா வாயைத் திறந்தாள். சத்தமில்லை.

கட்டிலில் கிடந்தவள் மெல்லக் கதிரைப் பக்கம் திரும்பினாள். பஸ்மினாவின் முகம்.

சிரித்தது.