சாம்பல் தூவிய பாதை

தெனி ஆறு மணிக்கு எழுந்தான். விறகடுப்பில் இரண்டு கட்டைகளைச் செருகினான். காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். ஒரு வருஷமாக இப்படித்தான். மின்சாரம் போய் இன்று மூன்றாம் நாள். வாசலில் தூவச் சாம்பல் வாளியை இழுத்தபோது அது லேசாக வந்தது. இரவு அவன் விளிம்புவரை நிரப்பி வைத்த வாளி. காலியாக இருந்தது.

கதவைத் திறந்தான். விழுந்ததும் பனிக்கட்டியாய் இறுகும் உறைமழை நின்றிருந்தது. படியிலிருந்து தெரு நெடுக, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குச் சாம்பல் தூவியிருந்தது.

கியூபெக்கின் அந்தத் தெருவில் புயல் ஓய்ந்தால் எல்லோருக்கும் இரண்டு வேலை. வழுக்காமலிருக்க வாசலில் சாம்பல் தூவுவது, அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டி உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பது. போன குளிர்காலத்தில் கதவு தட்டப் போன அவன் மனைவி ஒடில், திரும்பும்போது கீழ்ப்படியில் வழுக்கி விழுந்தாள். படியில் சாம்பல் இல்லை. தெனி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் பார்த்தபோது அவள் உடல் மீது விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி படிந்திருந்தது.

அவன் சாம்பல் மேல் நடந்தான். ஒவ்வொரு சுள்ளியும் கண்ணாடி போன்ற பனிக்குள் அடைபட்டிருக்க, காற்று அசையும்போதெல்லாம் மேப்பிள் மரக் கிளைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ இருட்டில் பாத்திரங்களைத் துழாவுவதுபோல் சலசலக்க, ஈர விறகுப் புகை தொண்டையில் கரித்தது. பாதை தெருமுனையில், கேத்தான் கிழவரின் படியில் முடிந்தது.

கிழவர் கதவைத் திறந்தார். "வா வா, உயிரோடதான் இருக்கியா? என் வாசல் வரைக்கும் சாம்பல் போட்டிருக்க. என் பொண்டாட்டிகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்லப்பா."

"நான் போடல."

"அப்ப என் பூனை போட்டுச்சாக்கும்!" சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "அதையே நினைச்சு உருகாத தம்பி. 'நீ தூங்கு, நான் போய்ட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தானே அன்னைக்கு ஒடில் இங்க வந்தா? நீ தூங்கினதுல என்ன தப்பு?"

தெனி தலையாட்டினான். ஊருக்கெல்லாம் அவன் சொல்லி வைத்தது அதுதான்.

திரும்பினான்.

சாம்பலில் அவன் வந்த தடங்கள் இருந்தன. அவற்றின் மேலேயே வேறு தடங்கள். சிறியவை. கேத்தானின் படியில் தொடங்கி அவன் வீட்டைப் பார்த்துப் போயின. ஒடிலுடையதைப்போலவே இடது குதிகால் தேய்ந்த காலணி.

தெருவில் யாரும் இல்லை. காற்றும் நின்றுவிட்டது.

நடந்தான். வேகமாக நடக்கப் பயம். நிற்கவும் பயம்.

கீழ்ப்படி. போன வருஷம் அவள் வந்து சேர்ந்தது அதுவரைதான். தடங்கள் இன்று அங்கே நிற்கவில்லை. அடுத்த படி. அதற்கடுத்தது. கதவு.

கைப்பிடியில் பனிக்கட்டி. ஐந்து விரல்கள் பற்றிய வடிவில். உள்ளே கை இல்லை. வெறும் கூடு.

கதவுக்கு அந்தப் பக்கம் அலமாரி திறந்தது. மேசையில் கோப்பை வைக்கும் சத்தம். இரண்டாவது கோப்பை.

தூங்கு என்று அவள் சொல்லவே இல்லை. இதே வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்:

"படியில சாம்பல் போட்டு வை தெனி. நான் திரும்பி வரணும்ல?"