காயாத சேட்டு

மூண்டு நாளாயும் அந்தச் சேட்டு காயேலை.

குசினியிலை பொய்லருக்கு மேலை கட்டின கொடியிலை திரைச்சீலை, கட்டில் விரிப்பு எல்லாம் ஒரு இரவிலையே மொறுமொறுவெண்டு காய்ஞ்சு, மடிச்சும் வைச்சாச்சு. அந்த வெள்ளைச் சேட்டு மட்டும் இப்பதான் தண்ணிக்குள்ளாலை தூக்கின மாதிரிச் சொட்டிக்கொண்டு நிண்டுது. பின்னேரம் நாலு மணிக்கே ஃபாரஸ்ட் கேட் தெருவெல்லாம் இருண்டு போச்சு. அம்மா ஒபிஸ் கிளீனிங்குக்குப் போயிட்டா. கத்தரின் சேட்டுக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தாள். சவர்க்கார மணமில்லை. விறகுப் புகை. அதுக்குள்ளாலை, ஃப்ரீசரைத் திறந்த மாதிரி, பனி.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வீட்டிலை ஒரு துணி விடாமல் தோய்க்கோணும் எண்டது அம்மாவின்ரை சட்டம். மேல் அறையிலை வாடகைக்கு இருக்கிற பிரெங் அங்கிளின்ரை துணியும் சேர்த்துத்தான். அவர் கட்டிட வேலைக்கு லூட்டனுக்குப் போயிருந்தார். அவரின்ரை அறையிலை, சிலுவைக்குக் கீழை, ஆணியிலை இந்தச் சேட்டு கிடந்தது. நெஞ்சுப் பக்கம் பருப்புக்கறி ஊத்தின மாதிரி மஞ்சள் கறை, நடுவிலை ரெண்டு ஓட்டை. "உந்தாளுக்குக் கறி சாப்பிடவும் தெரியாது" எண்டு கத்தரின் சிரிச்சுக்கொண்டு பிளீச்சிலை ஊறவிட்டு, நகம் நோகத் தேய்ச்சாள். கறை முழுக்கப் போயிட்டுது. அவளுக்கு அப்ப பெருமையா இருந்தது.

பிரெங் அல்பேனியன். பூசைக்கு வந்த இடத்திலை அப்பாவோடை பழகி, எதுக்கும் "ஓம், ஓம்" எண்டு சொல்லப் பழகினவர். ஒருநாள் இதே குசினி மேசையிலை உருளைக்கிழங்கு அடுக்கித் தன்ரை மலையூரைக் காட்டினவர். ஒன்பது கிழங்கு, ஒன்பது கல்வீடு. நடுவிலை வைச்ச கரண்டி, ஆறு. யன்னலெல்லாம் கை முட்டியளவு, துவக்குக் குழல் போகமட்டும். கார்த்திகையிலை மலைப்பாதையைப் பனி மூடினால் சித்திரை மட்டும் ஆரும் வரவும் ஏலாது, போகவும் ஏலாது. நாற்பத்தைஞ்சு வருசமா அரசாங்கத்துக்குப் பயந்து, இரத்தத்துக்கு இரத்தம் கேக்கிற ஊர்ப்பழியெல்லாம் அடங்கிக் கிடந்ததாம். தொண்ணூற்றொண்டிலை அரசாங்கம் விழ, அது திரும்ப எழும்பிச்சுதாம். வாய்க்கால் தண்ணிச் சண்டையிலை அவரின்ரை அண்ணன் லேக்காவைச் சுட்டுக் கொன்று போட்டாங்கள். அதோடை கிழங்கைச் சாக்குக்குள்ளை போட்டிட்டார்.

ஐஞ்சரைக்கு அவர் வந்தார். எப்பவும் போலத் தெருவை ரெண்டு பக்கமும் பார்த்து, முதுகைச் சுவரிலை வைச்சுத்தான் உள்ளை வந்தார். குசினி வாசலிலை அப்பிடியே நிண்டிட்டார்.

"ஆர் தோய்ச்சது?"

"நான்தான் அங்கிள். ஏன், சுருங்கிப்போச்சே?"

அவர் ஏசேலை. கதிரையிலை மெல்ல இருந்தார்.

"அது லேக்காவின்ரை. பழி தீருமட்டும் தோய்க்கிறேல்லை. கறை மஞ்சளானால், செத்தவனுக்குப் பொறுமை போயிட்டுது எண்டு அர்த்தம். நான் பழிக்குச் சுடாமல் ஓடி வந்திட்டன். ஆறு வருசமா ஒவ்வொரு வாசலுக்கு வெளியிலையும் எனக்காகக் காத்து நிண்டவன்."

"இப்ப?"

"கறையை அழிச்ச வீட்டுக்காரரிட்டைத்தான் இனி இரத்தம் கேப்பான்."

கத்தரின் சேட்டை விட்டு ஒரு அடி பின்னுக்குப் போனாள். "என்னட்டையே?"

"இல்லைப் பிள்ளை. பொம்பிளையளைத் தொடமாட்டான். வீட்டுக்குள்ளையும் வரமாட்டான். வாசலுக்கு வெளியிலை. ஆம்பிளையை மட்டும்." அவர் முகத்திலை சிரிப்பு மாதிரி ஏதோ ஒண்டு ஓடிச்சுது. "உன்ரை அப்பா எப்ப வருவார்?"

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிரெங் மேலை போய்ப் பையோடை இறங்கி வந்தார். தெருவைப் பார்க்கவேயில்லை. றோட்டு நடுவாலை, கையை வீசிக்கொண்டு நடந்து போனார்.

அப்பா வேலை செய்யிற பெற்றோல் ஸ்டேசனுக்கு ரெலிபோன் அடிச்சாள். அங்கை கூட வேலை செய்யிற பாஸ்கரன் மாமா எடுத்தார்.

"கஸ்பர் அப்பவே வெளிக்கிட்டிட்டானே. கேக் வாங்கிக்கொண்டு வாறானாம். என்னடி, குரல் நடுங்குது?"

முன்கதவடியிலை, உள்பக்கமாப் போய் நிண்டாள். கதவைத் திறந்து, அப்பாவை ஒரே இழுவையிலை உள்ளை எடுத்திட்டால் போதும். பின்னாலை குசினியிலை சொட்டுச் சத்தம். சொட்டு. சொட்டு.

நிண்டிட்டுது.

திரும்பிப் பார்த்தாள். கொடியிலை ஒண்டுமில்லை.

கேற் கிரீச்செண்டுது. கதவின்ரை மங்கல் கண்ணாடியிலை அப்பாவின்ரை நிழல். தொப்பி. கையிலை பெட்டி.

"கத்தரின்! திற பிள்ளை, கை ரெண்டும் நிறைஞ்சுபோய்க் கிடக்கு."

அவருக்குப் பின்னாலை இன்னொரு நிழல். உயரம். வெள்ளை.

கதவுப்பிடி பனிக்கட்டி. விரல் ஒட்டிப்போச்சு. இழுத்தாள். தோல் உரிஞ்சுது. இன்னும் இழுத்தாள்.

திறந்திட்டுது.

படியிலை கேக் பெட்டி. ரிபன்கூடக் கலையேலை. தெருவிலை ஒருத்தருமில்லை.

பின்னாலை, குசினியிலை, சொட்டு.

கொடியிலை அப்பாவின்ரை நீல வேலைச் சேட்டு. கஸ்பர் எண்ட பெயர்த்தகடு இன்னும் குத்தினபடி. அதிலையிருந்து ஆவி பறந்துது. நெஞ்சுப் பக்கம் ரெண்டு ஓட்டை. அதைச் சுத்தி, மெல்ல மெல்ல, சிவப்பு அகலிச்சுது.