வாயிற்காவலியின் குரல்

புதிதாகச் சேர வந்தவன் எழுதி அனுப்பியதில் ஒரே ஒரு தப்புதான் இருந்தது. கோட்டை வாசலுக்குப் படிகள் உண்டு என்று எழுதியிருந்தான்.

அந்த ஆன்லைன் விளையாட்டில் கோட்டை வாசல் வெறும் சமதரை. ஒரு மரக்கதவு, இரண்டு தீப்பந்தங்கள், முன்னால் கொஞ்சம் புல். மூன்று வருஷமாக தினமும் சாயங்காலம் அந்த வாசலில்தான் அவளுடைய உருவம் ஈட்டியும் கையுமாக நிற்கிறது. அவளுக்குத் தெரியாத ஒரு புல் அங்கே கிடையாது. ஆனால் அவன் இப்படி எழுதியிருந்தான்: "மழை நனைத்த படிகளின் அடியில் நிற்கிறேன், காவலியே. மேலேறும் வழி நெடிது. கைப்பிடிக் கம்பி குளிர்கிறது. மூன்றாம் படியின் விளிம்பு உடைந்திருக்கிறது. முதியோர் தடுக்கி விழக்கூடும்."

கற்பனைக்குக் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் திருத்தி எழுதச் சொல்லியிருப்பாள். அன்று ஆபீஸில் நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். கண் எரிந்தது, காதுக்குப் பின்னால் ஹெட்போன் அழுத்திய இடம் விண்விண்ணென்று தெறித்தது. "உள்ளே வருக" என்று தட்டிவிட்டு, உட்கார்ந்த நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அவளுக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் கேட்கும் குரல் அவளுடையது. என்ன பேச வேண்டும் என்பது அட்டையில் அச்சிட்டு முன்னால் ஒட்டியிருக்கும். 'பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது.' அழுகிறவர்களுக்கும் அதேதான், திட்டுகிறவர்களுக்கும் அதேதான். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் மேற்பார்வையாளர் பதிவைக் கேட்டுவிட்டு மார்க் குறைப்பார். பதினொரு வருஷமாக அப்படிப் பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது.

அதற்காகத்தான் அந்த விளையாட்டுக் குழுவில் சேர்ந்தாள். மொத்தம் இருபத்து மூன்று பேர். எல்லோரும் எழுதிப் பேசுகிற சபைக்குள் வந்துவிட்டால் ஆபீஸ், மூட்டுவலி, பிள்ளைகளின் பரீட்சை எதையும் பேசக்கூடாது. அவரவர் ஏற்றுக்கொண்ட பாத்திரமாகவே, ராஜா காலத்துத் தமிழில்தான் பேச வேண்டும். அவசரமாக வெளிப்பேச்சு பேசவேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். புதிதாக வருகிறவரிடம் காவலி, 'யார் நீ? எங்கிருந்து வருகிறாய்?' என்று கேட்பாள். பாத்திரம் கலையாமல் பதில் சொன்னவரை யாரும் திருப்பி அனுப்பக்கூடாது. இந்த விதிகளையெல்லாம் உற்சாகமாக உட்கார்ந்து எழுதியதே அவள்தான். எழுதியவள் தலையிலேயே கண்காணிக்கிற வேலையும் விழுந்தது. யார் 'ஓகே' என்று எழுதினார்கள், யார் சபை நடுவில் தலைவலி என்றார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கண்டிப்பது. இளைப்பாற வந்த இடமும் இன்னொரு ஆபீஸாகிப்போனது. விட்டுவிடலாம் என்று தோன்றும். மறுநாள் சாயங்காலம் கை தானாகக் கம்ப்யூட்டரைத் திறக்கும்.

"என்ன மகாராணி, இன்னிக்கு எத்தனை தலை உருண்டுச்சு?" என்பான் கணவன். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை அவனுக்கு. எட்டு மணிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேலியை ஆரம்பித்துவிடுவான்.

"நான் மகாராணி இல்லங்க, வாட்ச்மேன்."

"பகல்ல லிஃப்ட்டுக்கு வாட்ச்மேன், சாயங்காலம் கோட்டைக்கு வாட்ச்மேன். எனக்கு எப்பம்மா ட்யூட்டி பாக்கப்போற?"

அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

புதியவன் பாத்திரத்தை விட்டு ஒருநாளும் வெளியே வரவில்லை. வழிப்போக்கன் என்று பேர் வைத்துக்கொண்டிருந்தான். சபையில் மற்றவர்கள் போர், புதையல் என்று பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தினமும் படியேறுவதைப் பற்றியே சொல்வான். "இன்று பதினான்காம் படி. சுவரில் நீர் கசிந்து, பாய்ந்தோடும் குதிரையின் உருவில் கறை படிந்திருக்கிறது." "இன்று இருபத்தைந்தாம் படி. துரு மணம். யாரோ தரை கழுவிய மருந்தின் மணம்." எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று குழுத்தலைவர் சபையிலேயே எழுதினார்.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பி, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறியவள், முதல் மாடித் திருப்பத்தில் சும்மா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் ஈரம் கசிந்திருந்தது. முன்னங்கால்களைத் தூக்கி ஓடுகிற குதிரை.

கீழே இறங்கிப்போய் மூன்றாம் படியைப் பார்த்தாள். விளிம்பு உடைந்திருந்தது. எட்டு வருஷமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறாள்.

அன்றைக்கு முதல்முறையாக அவளே விதிப்படி அடைப்புக்குறி போட்டு எழுதினாள். (நீங்க யாரு? எங்க பில்டிங்கா? இது தமாஷா இருந்தா நிறுத்திக்குங்க.)

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"காவலியே, உன் சொற்களின் இருபுறமும் பிறை போல் வளைந்த வேலிகள் தெரிகின்றன. நடுவில் ஒன்றுமில்லை. அங்கே எவரேனும் இருக்கிறார்களா?"

தலைவருக்கு போன் போட்டாள். விளையாட்டில் அவர் கோமான்; வெளியே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவளைவிடச் சின்னவர். முன்பு இரண்டு தடவை பேசியிருக்கிறாள்.

"அக்கா, நீங்க எழுதின ரூல்ஸைத்தானே அவரு ஃபாலோ பண்றாரு? இவ்வளவு நல்லா பண்ற ஒருத்தர விரட்டச் சொல்றீங்களே."

"தம்பி, எங்க வீட்டு மாடிப்படி அவனுக்குத் தெரியுது."

"எல்லா பில்டிங்லயும் படி இருக்கும்க்கா. ரொம்ப அலுத்துப்போயிருக்கீங்க போல. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. நான் அவர்கிட்ட பேசிப் பாக்குறேன்."

சபைப் பக்கம் போகாமல் ரெஸ்ட் எடுத்தாள். மூன்றாம் நாள் அவருக்கு மறுபடியும் போன் செய்தபோது பின்னணியில் கண்ணாடி தேய்க்கும் மெஷினின் கிர்ரென்ற சத்தம் கேட்டது. யாரோ வாடிக்கையாளர் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேசினீங்களா?"

"யாம் அவையில் வீற்றிருக்கிறோம். உன் குறை யாது, காவலியே?"

அவள் சிரித்துவிட்டாள். "விளையாடாதீங்க தம்பி. நான் சீரியஸா கேக்குறேன்."

"எதை விளையாட்டு என்கிறாய்?"

மெஷின் நின்றது. வாடிக்கையாளரின் குரலும் நின்றது. கடை முழுக்க ஒரு அமைதி, எல்லோரும் அவள் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது போல. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் மேற்பார்வையாளர் அவளைத் தன் கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டார். எப்போதும் கடுகடுப்பாக இருக்கிற மனுஷன். அன்று குரல் இறங்கியிருந்தது.

"உக்காருங்கம்மா. இது உங்க குரலான்னு மட்டும் சொல்லுங்க."

பதிவை ஓடவிட்டார். ஒரு பெண் அழுதாள். லிஃப்ட் இருட்டாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, கதவைத் திறங்க, கதவைத் திறங்க. பிறகு ஒரு குரல். நிதானமான, கனத்த குரல். "யார் நீ? எங்கிருந்து வருகிறாய்?" அந்தப் பெண் கெஞ்சினாள். குரல் மறுபடியும் அதையே கேட்டது. பன்னிரண்டு நிமிஷம். கடைசியில் அழுகை அடங்கி, அந்தப் பெண்ணும் நிதானமாகப் பதில் சொன்னாள்: "நீர் சுமப்பவள். வடக்கிலிருந்து வருகிறேன்."

"வருக" என்றது குரல்.

"என் குரல்தான் சார்" என்றாள் அவள். "ஆனா நான் இதைப் பேசல."

"நேத்து காலைல பேசியிருக்கீங்க. உங்க சீட். உங்க லாக்-இன்." அவர் பதிவை நிறுத்தினார். "ஆளை அனுப்பி லிஃப்ட்டைத் திறந்தாங்களாம். உள்ள யாரும் இல்லையாம். கொஞ்ச நாள் லீவு போடுங்கம்மா."

பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். பயத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறதே. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் குழுவில் விலகல் கடிதம் எழுதினாள். அடைப்புக்குறி போடவில்லை, ராஜா காலத்துத் தமிழும் இல்லை. 'என்னால முடியல. நான் போறேன். யாரும் தேட வேணாம்.' அனுப்பிவிட்டு விளையாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள். ஒயரையும் பிடுங்கிப்போட்டாள்.

மணி ஆறு. மழை பிடித்துக்கொண்டது. பால்கனித் தகரத்தில் தடதடவென்று விழுந்து, குழாயில் கொடகொடவென்று இறங்கி, எங்கோ கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்த மழை. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் இல்லை. மாடி வீட்டுக் குழந்தை பந்து உருட்டும் சத்தம் இல்லை. அலமாரியிலிருந்து பழைய துணியின் வாசனையும், சமையலறையிலிருந்து அணைத்த அடுப்பின் வாசனையும் வந்தன. இன்றைக்காவது அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவன் சொல்கிற மருந்துக்கடைக் கதைகளை முழுசாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அப்போதுதான் படியில் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு காலடி. கனமான காலடி, ஒரு மூட்டையைக் கீழே போட்டது போல. பிறகு அமைதி. அவள் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். மழை மட்டும் பெய்தது. நூறு எண்ணுகிற நேரம் கழித்து இன்னொரு காலடி.

யாரோ வயசானவர், நின்று நின்று ஏறுகிறார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

ஒற்றை ஆளின் காலடிக்குக் கண்ணாடி அதிராது.

விளக்கை அணைத்தாள். உடனே மறுபடியும் போட்டாள். கதவருகே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது. கதவில் பதித்த சின்ன லென்ஸில் கண்ணை வைத்தாள். கருப்பு. மாடிப்படி விளக்கு எரிகிற வேளை. ஆனாலும் கருப்பு. யாரோ லென்ஸை ஒட்டி நிற்கிறார்கள்.

பின்வாங்கினாள். கணவனுக்கு போன் போட்டாள்.

மணி அடித்தது.

கதவுக்கு வெளியே அடித்தது.

அவனுடைய போன். அதே பழைய மணி, மாற்றச் சொல்லி அவள் எத்தனையோ தடவை நச்சரித்த மணி. உடம்பில் கட்டியிருந்த கயிறு அறுந்தது போல இருந்தது அவளுக்கு. சீக்கிரமே வந்துவிட்டான். சாவியைத் தேடிக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

அவன்தான். தலை நனைந்திருந்தது. கையில் சாப்பாட்டுப் பை. சட்டைப் பையில் போன் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவளைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரியைப் பார்ப்பது போல, மரியாதையாக, கொஞ்சம் கூச்சத்தோடு.

என்னங்க, ஏன் இப்படி நிக்கிறீங்க, உள்ள வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"யார் நீ?" என்றது அவள் வாய். "எங்கிருந்து வருகிறாய்?"

அவன் தலை குனிந்தான்.

"மருந்து காப்பவன். நெடுந்தொலைவிலிருந்து வருகிறேன். இவ்விடத்தில் எனக்கு உறவென்று எவருமில்லை."

இல்லங்க. நான்தாங்க. நான்தான்.

"வருக" என்றது வாய்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவளைத் தொட்டுவிடாமல் ஒதுங்கி உள்ளே போனான். எங்கே உட்காருவது என்று தெரியாத விருந்தாளியைப் போலச் சுவரோரமாக நின்றான்.

அவள் வெளியே பார்த்தாள்.

படிக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கையில் டி.வி. ரிமோட்டோடு. மாடி வீட்டுக் குழந்தை, பந்தை அணைத்துக்கொண்டு. அதற்குக் கீழே மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே தெரியாத முகங்கள். திருப்பத்துக்குத் திருப்பம், மாடிக்கு மாடி, கம்பி இடுக்குகளின் வழியே கீழே பார்த்த இடமெல்லாம் தலைகள். திறந்து கிடந்த தெருவாசல். அதற்கு அப்பால் மழை. மழைக்குள், தெருவிளக்கு எட்டுகிற வரை, அதையும் தாண்டி, வரிசை. குடை இல்லை. பேச்சு இல்லை. ஒரு இருமல்கூட இல்லை.

எல்லா முகமும் அவளைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு அடியில் உதடுகள் பிரிவது தெரிந்தது.

கீழே, எல்லோரும் ஒன்றாக, ஒரு படி ஏறினார்கள்.