பம்பின் மேல் காய்ந்த துளி

"கெட்டுப்போன மருந்தை ஏத்திட்டாங்க மேடம்! அழுகின முட்டை நாத்தம்! எங்கப்பா மூச்சுவிட முடியாம துடிச்சுட்டார்!"

மருத்துவமனை மருந்தகத்துக்குள் ஒரு பெண் பாய்ந்து வந்தாள். தலைமை மருந்தாளுநர் அம்மாள் அசையவில்லை. எதற்கும் அசையாததால்தான் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். பதறும் வேலையை அவருடைய உதவியாளர் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். பல்வலி தாங்காமல் அப்பா இரண்டு விதமான மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்கியிருக்கிறார். பெயர்தான் வேறு, உள்ளே ஒரே வலிமருந்து; அளவு மீறினால் ஈரலுக்கு விஷம். அதில் ஓர் அட்டையை வாங்கிக் கொடுத்தவள் இந்த மகளேதான். வாந்திக்காக முதலில் சலைன் ஏற்றினார்கள். ஈரல் கெடுவதற்குள் அந்த விஷத்துக்கு முறிவு மருந்தும் நரம்பு வழியே ஏற வேண்டும். ஏற ஆரம்பித்ததுமே முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, மூச்சு இழுப்பு வந்துவிட்டது. மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு அடக்கியிருக்கிறார்கள்.

"மறுபடி ஏத்தணுமாம். ஏத்தலேன்னா ஈரல் போயிடும்கிறாங்க, ஏத்தினா மூச்சே போகுது. நான் எப்படிச் சம்மதிப்பேன்?"

நிதானம் புதுக் குப்பி ஒன்றை உடைத்து அவள் மூக்கருகே நீட்டினார். அதே நாற்றம். "நல்ல மருந்தே இப்படித்தாம்மா நாறும். சரி, உங்களுக்கு நாத்தம் எங்க வந்தது?"

"கட்டில்கிட்ட."

"அப்படியா!" என்று நிதானம் எழுந்தார்.

மகளோடு வார்டுக்குப் போகும் வழியிலேயே உதவியாளர் வழக்கை முடித்துவிட்டார். "மருந்து ஏத்துற பம்போட வேகத்தைக் சிஸ்டர்தான் கூட்டி வெச்சிருப்பாங்க அக்கா. எல்லாரும் அதான் பேசிக்கிறாங்க. வேலைக்கே உலை!"

பம்பைத் தட்டிப் பார்த்தால் வேகம் கச்சிதம். எடைக்கேற்ற அளவும் சரி. உதவியாளரின் முகம் தொங்கிப்போயிற்று.

நிதானமோ மருந்து கலக்கும் மேசையை முகர்ந்தார். ஒன்றுமில்லை. பிறகு கட்டிலருகே, தொங்கிய மருந்துப் பைக்கு நேர் கீழே இருந்த பம்பின் தலையை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். அங்கே ஒரு துளி காய்ந்திருந்தது.

"பை ஒழுகியிருக்கும்கா!"

நிதானம் பையை அமுக்கினார். ஒரு சொட்டுகூட வரவில்லை. மேசைமேல் பிரிக்காத சலைன் பை ஒன்று கிடந்தது. "இது யாருக்கு?"

"இவருக்குத்தான் மேடம். முறிவு மருந்தைக் கலக்க எடுத்துட்டு வந்தேன்," என்று நர்ஸ் தலை குனிந்துகொண்டாள்.

நிதானம் டியூட்டி டாக்டரையும் வரவழைத்தார். வேறொரு காலி ஸ்டாண்டில் மாட்டிய சலைன் பைக்குள், அடிப்பக்கமாகவே, ஊசியால் சிவப்பு இருமல் மருந்தை ஏற்றினார். சிவப்பு முழுக்க அடியிலேயே தங்கிவிட்டது. மேலே வெறும் தண்ணீர்.

"முறிவு மருந்தும் இப்படித்தான், கனமானது. மேசையில் கலந்திருந்தா துளி மேசையில் சிந்தியிருக்கும். பம்பு மேல சிந்தியிருக்குன்னா, மாட்டின பையிலயே ஏத்தியிருக்காங்க. சிஸ்டர் கொண்டுவந்த பை பிரிக்காமயே கிடக்கு. அப்போ, வாந்திக்காக முன்னாடியே மாட்டி வெச்ச பையிலதான் யாரோ மருந்தைச் சேர்த்திருக்கணும். குலுக்காததால, பம்பு சரியா ஓடியும் அடியில தங்கின மருந்து முழுக்க முதல்லயே உள்ள போயிடுச்சு. இந்த மருந்து மொத்தமா போனா உடம்பு சிவக்கும், மூச்சு இழுக்கும். மருந்து கெடவும் இல்ல, அப்பாவுக்கு ஒத்துக்காமலும் இல்ல."

உதவியாளருக்குப் புல்லரித்தது. "யாரு அக்கா அது?"

டாக்டரின் முகம் இருமல் மருந்தைவிடச் சிவந்திருந்தது. "நான்தான். ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாதுன்னு... இன்னொரு பை எதுக்குன்னு தோணுச்சு."

"சிஸ்டர், நீங்க ஏன் வாயத் திறக்கல?" என்றார் உதவியாளர். கேட்டபோதே அவருக்கு நா கூசியது.

"எல்லாரும் வேகத்தைப் பத்தித்தான் கேட்டாங்க. யார் கலந்ததுன்னு யாரும் கேக்கலையே."

டாக்டர் மகளின் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவை மெதுவா ஆரம்பிப்போம். சிஸ்டரே கலக்கட்டும்."

"இல்ல. நீங்களே கலக்குங்க," என்றாள் மகள். "நான் பக்கத்துல நிப்பேன்."

டாக்டர் மேசையில் பையை வைத்து மருந்தைச் செலுத்தினார். தலைகீழாகக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். ஸ்டாண்டை நோக்கி நடந்தவரை ஒரு குரல் நிறுத்தியது.

"இன்னும் ரெண்டு தடவை, டாக்டர்." அதைச் சொன்னது நர்ஸ்.

அவர் இன்னும் இரண்டு தடவை கவிழ்த்துவிட்டுப் பையை மாட்டினார். சொட்டு விழத் தொடங்கியது. மகள் கண்கொட்டாமல் அப்பாவின் முகத்தையே பார்த்திருந்தாள். சிவக்கவில்லை. மூச்சும் சீராகவே இருந்தது.

"அரிக்குதாப்பா?"

"இல்லம்மா," என்று அவர் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்குப் பீறிட்டு வந்தது.