ஒன்பது நாற்பதுக்கு ஓடுதளம் காலி

காலை 9.40. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில், விமானப் பயிற்சிப் பள்ளியின் ஓடுதளத்தில் இறங்கிய குட்டி விமானம், எதிரே நின்ற கரும்பு டிராக்டரைக் கண்டு ஒதுங்கிப் பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. ஓட்டிய மாணவன் ஆனந்தனுக்குக் கால் முறிந்தது. 'ஓடுதளம் காலி, இறங்கலாம்' என்று அனுமதி கொடுத்தவள் மோகனப்ரியா. திருத்தணியில், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து, கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்து விமானங்களை இறக்குகிறவள்.

10.30. இன்ஸ்பெக்டர் கோமளவல்லி முதலில் ஓடுதளத்துக்குப் போனார். இரண்டு பக்கமும் வெட்டின கரும்பின் அடிக்கட்டைகள். டிராக்டர்காரர் முனியன் கைகட்டி நின்றார்.

"ரன்வேல உனக்கென்னய்யா வேலை?"

"வயலு அந்தாண்ட, மில்லுக்குப் போற ரோடு இந்தாண்டம்மா. நேத்து நாலு மணிக்கு மேல ஆளுங்கள எறக்கி, பொழுது சாயறதுக்குள்ள மொத்தத்தையும் வெட்டிட்டோம், இன்னிக்கு ஏத்திகினு போனேன். எப்பவும் அந்தப் பொண்ணு கேமராவுல பாத்துட்டு மைக்ல 'நைனா, ஓரம் போ'ன்னு கத்தும். இன்னிக்குக் கத்தல."

11.30. திருத்தணி அறை. பயிற்சிப் பள்ளியின் இயக்குநர் சுந்தரமூர்த்தி விசிட்டிங் கார்டை நீட்டினார். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் இரண்டு. பெயர் நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"பதிவைப் பாத்துட்டேன் மேடம். டிராக்டர் தெளிவா இருக்கு. கேமரா பொய் சொல்லாது. இந்தப் பொண்ணு தூங்கியிருக்கு. கேஸ் போடுங்க, லைசென்ஸ் தானா போயிடும்."

"தூங்கலைங்க," என்றாள் மோகனப்ரியா. "திரையில டிராக்டரே இல்ல. நேத்து நாலு மணிக்கு டியூட்டி முடிச்சுப் போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருந்துச்சு."

கோமளவல்லி மூலையில் இருந்த டெக்னீஷியன் கௌதமனைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றான் அவன், கேட்பதற்கு முன்னாலேயே.

"காலையில இங்க யார் யார் வந்தாங்க?"

சுந்தரமூர்த்தி மலர்ந்தார். "சென்னையிலேருந்து பெரிய மனுஷங்க! ஸ்டேட்டஸ்லயே போட்டிருக்கேன், பாருங்க."

போனில் பொன்னாடையோடு அவர். கோமளவல்லி படத்தைப் பெரிதாக்கினார். தன் முகம் ஓரமாக நகர்ந்து காணாமல் போனதில் இயக்குநருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"எத்தனை மணிக்கு எடுத்தது?"

"சரியா 9.38. நல்ல நேரம் பாத்து எடுத்தோம்."

"உங்க முதுகுக்குப் பின்னால திரையில கரும்பு ஆளுயரத்துக்கு நிக்குது. நேத்தே வெட்டின கரும்பு ராத்திரியோட ராத்திரியா வளந்துடுச்சா?"

கோமளவல்லி போனைத் திருப்பி நீட்டினார்.

"இந்தப் பொண்ணு பாத்தது பழைய வீடியோ. கேமரா டிராக்டரைப் பதிவு பண்ணிகினுதான் இருந்துச்சு, திரைக்குத்தான் வரல. வயல் பக்கமே போகாததால இந்த ரூம்ல யாருக்கும் கரும்பு வெட்டினது தெரியாது. யார் போடச் சொன்னது, கௌதமன்?"

"சார்தாங்க. ரன்வேல ஆடு மேயறத வந்தவங்க பாத்தா மானம் போயிடும், போன வாரம் எடுத்த சுத்தமான வீடியோவ ஓட்டுன்னாரு. அந்தப் பொண்ணு ஒத்துக்காது, அதுகிட்ட சொல்லாதன்னாரு."

"பத்தே நிமிஷம்தான் மேடம்!" என்றார் சுந்தரமூர்த்தி.

"விமானம் இறங்க ஒரு நிமிஷம் போதும். வண்டியில ஏறுங்க."

ஐந்து பட்டங்களும் ஒரே ஜீப்பில் ஏறின. கௌதமன் பின்னாலேயே ஏறினான்.

அடுத்த வாரம் ஓடுதளம் மறுபடி திறந்தது. மோகனப்ரியா அதே நாற்காலியில். முதல் விமானம் அனுமதி கேட்டது. திரையைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"நைனா, ரன்வேல என்ன இருக்குது? கண்ணால பாத்துச் சொல்லு."

"ரெண்டு ஆடு மேய்ஞ்சிகினு கீதும்மா. ஓட்டட்டா?"

"ஓட்டு."

திரைக்குள் முனியன் ஓடிவந்தார், கையில் துண்டைச் சுழற்றிக்கொண்டு. ஆடுகள் பள்ளத்தைத் தாண்டும்வரை காத்திருந்து, அவள் மைக்கை அழுத்தினாள்.

"இறங்கலாம்."